கருவி ஏறச் சொல்கிறது, கன்ட்ரோலர் இறங்கச் சொல்கிறார்: விமானப் புறப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 ஜனவரி 31, பிற்பகல். டோக்கியோ ஹனேடாவிலிருந்து நாஹாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 907 இன்னும் உயரம் ஏறிக்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் 958, பூசானிலிருந்து நரீட்டாவுக்கு 37,000 அடியில் வந்துகொண்டிருந்தது. இரண்டும் நெருங்குவதை ரேடார் திரை காட்டியதும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும், அப்போது பயிற்சியில் இருந்த கன்ட்ரோலர் 958-ஐ இறக்க நினைத்தார். வாயில் வந்ததோ 907. அந்த விமானி இறங்கத் தொடங்கிய நேரத்தில் அவருடைய டிகாஸ் (விமானங்கள் மோதாமல் எச்சரித்து வழிசொல்லும் கருவி) "ஏறு" என்றது. அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். எதிரில் வந்த 958-க்கு அதன் டிகாஸ் "இறங்கு" என்றது, அதுவும் இறங்கியது. இரண்டிலுமாக 677 பேர். சுமார் 135 மீட்டர் இடைவெளியில் தப்பினார்கள்.

விமானியாகவோ கன்ட்ரோலராகவோ வர நினைக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய சம்பவம் இதுதான் என்பேன். தவிர்க்க வேண்டியவற்றில் மிகப் பெரிய தவறு இதற்குள் இருக்கிறது: டிகாஸ் தரும் கட்டளைக்கு எதிராக விமானத்தைச் செலுத்துவது.

காரணம் எளிது. இரண்டு விமானங்களின் டிகாஸும் டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ பதில் கருவி வழியாகத் தமக்குள் பேசிக்கொள்கின்றன. "நான் ஏறுகிறேன், நீ இறங்கு" என்று முடிவு செய்த பிறகுதான் விமானிக்குச் சொல்கின்றன. ஒருவர் மீறினால், சொன்னபடி நடக்கிற மற்றவரும் அதே பக்கம் வந்து சேர்வார். டிகாஸ் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை எதிர் விமானத்தை விசாரிக்கிறது. நெடுந்தூர ரேடார் திரை புதுப்பிக்கப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகலாம். தவிர, பல இடங்களில் விமானி ரேடியோவில் சொல்லும்வரை கட்டளை வந்திருப்பதே கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஆகவே கன்ட்ரோலரின் குரல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த நொடிகளில் கருவிதான் முந்தும். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை, தரையை நெருங்கும் எச்சரிக்கை போன்றவை மட்டுமே அதற்கும் மேல்.

இந்தப் பாடம் உலகத்துக்கு உறைக்க இன்னொரு விபத்து தேவைப்பட்டது என்பதுதான் வேதனை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே இதே முரண். ரஷ்ய டுபோலெவ் விமானம் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கியது, எதிரில் வந்த டிஎச்எல் சரக்கு விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் சர்வதேச விதி சந்தேகத்துக்கு இடமில்லாமல் திருத்தி எழுதப்பட்டது.

கன்ட்ரோலர் பக்கமும் ஒரு தவறு உண்டு. விமானி "டிகாஸ் ஆர்.ஏ.", அதாவது டிகாஸ் கட்டளை வந்திருக்கிறது, என்று சொன்ன பிறகும் உயரத்தை மாற்றச் சொல்லி அழுத்துவது. அப்போது சொல்ல வேண்டியது "ராஜர்" (கேட்டேன்) மட்டும். ஆபத்து விலகியதும் விமானி தெரிவித்துவிட்டு, பழைய உயரத்துக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும்.

சரி, கட்டளையே வராமல் பார்த்துக்கொள்ள முடியாதா? புறப்பாட்டில் ஓரளவு முடியும். எரிபொருள் குறைவாக இருக்கும் விமானம் வேகமாக ஏறும். தனக்குக் கொடுத்த உயரத்தில் நிற்கப்போகிறது என்பது டிகாஸுக்குத் தெரியாது. அந்த உயரத்துக்கு 1,000 அடி மேலே இன்னொன்று இருந்தால், இதே வேகத்தில் போய் முட்டிவிடும் என்று கணக்குப் போட்டு அலறும். பக்கத்து உயரத்தில் விமானம் இருப்பது தெரிந்தால் கடைசி 1,000 அடியை நிமிடத்துக்கு 1,500 அடிக்கும் குறைவான வேகத்தில் ஏறுங்கள்.

"டிராஃபிக், டிராஃபிக்" என்ற முதல் எச்சரிக்கை கட்டளை அல்ல, ஆயத்தமாக இரு என்ற குரல்தான். அதைக் கேட்டதும் திருப்பவோ ஏறவோ கூடாது. டிகாஸ் திரையில் தெரியும் திசைக் குறி அவ்வளவு துல்லியமானது அல்ல, அதை நம்பி வளைவதும் தவறு.

கிளம்பியவுடன் கருவி மௌனமாக இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணுவது இன்னொன்று. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குள் அது ஏறு, இறங்கு என்று எதுவும் சொல்லாது. அங்கே காப்பது கண்ணும் ரேடியோவும்தான்.

இந்தக் கருவி கட்டாயமாக இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1996 நவம்பர் 12, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவுதியா 747-க்கு 14,000 அடி. எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000. அது தன் உயரத்தில் நிற்காமல் கீழே வந்தது. டெல்லியின் ரேடார் அப்போது உயரம் காட்டாது, இரண்டு விமானங்களிலும் டிகாஸ் கிடையாது. சர்க்கி தாத்ரி வயல்களின் மேல் 349 உயிர்கள் போயின. கொடுத்த உயரத்தைத் திருப்பிச் சொல்வதும், சொன்ன இடத்தில் நிற்பதும் சடங்கு இல்லை. அப்புறம்தான் இந்தியா டிகாஸைக் கட்டாயமாக்கியது.

பயணிகளுக்கும் ஒன்று. ஜப்பானில் 907 சட்டென்று தலைகுனிந்தபோது அந்த விமானத்தில் காயப்பட்டவர்கள் நூறு பேர். பெல்ட் விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.