எஃப்.டி.ஐ.ஆர் கருவியில் புற்றுச் செல்லை அடையாளம் காண்பது: முதல் பயிற்சி

எஃப்.டி.ஐ.ஆர் என்பது ஒரு பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. அகச்சிவப்பு ஒளி பட்டால் மூலக்கூறுகளின் பிணைப்புகள் தமக்குரிய அலை எண்ணில் (ஒரு செ.மீ.க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, அலகு செ.மீ⁻¹) அதை உறிஞ்சி அதிரும். செல்லில் உள்ள புரதம் 1650, 1540 செ.மீ⁻¹ அருகிலும், கொழுப்பு 2800 முதல் 3000 வரையிலும், டி.என்.ஏ.வின் பாஸ்பேட் 1240, 1080 அருகிலும் தெரியும். செல் புற்றாகும்போது இவற்றின் விகிதம் கொஞ்சமே மாறுகிறது. அதனால் கருவியை இயக்குவதைவிடச் செல்லைக் கழுவுவதுதான் முக்கியம்.

பழகுவதற்கு எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லையும், புற்றல்லாத எம்.சி.எஃப்-10ஏ செல்லையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் வளர்ப்பு ஊடகமும் வேறு என்பதை மறக்க வேண்டாம். ஊடகத்தின் மிச்சம் ஒட்டியிருந்தால் அதைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

செல்களை 4% பார்மால்டிஹைடு கரைசலில் பதப்படுத்துங்கள். கையுறையும், நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியும் (ஃபியூம் ஹூட்) கட்டாயம். அப்புறம் சென்ட்ரிபியூஜில் சுற்றி, 0.9% உப்பு நீரில் மூன்று முறை கழுவுங்கள். வழக்கமான பாஸ்பேட் கரைசல் இங்கே வேண்டவே வேண்டாம். அதன் பாஸ்பேட்டும் 1080ஐ ஒட்டியே உறிஞ்சுவதால் டி.என்.ஏ. சிகரம் உயர்ந்ததுபோல் காட்டிவிடும். நான் முதலில் இதில்தான் ஏமாந்தேன். இரண்டு நாள் உழைப்பு வீண். சோடியம் குளோரைடுக்கு இந்தப் பகுதியில் சிகரமே கிடையாது. கடைசியாக ஒரு முறை காய்ச்சி வடித்த நீரில் அலசினால் உப்புப் படிகமும் மிஞ்சாது.

சரி, இப்போது செல் கலந்த நீரில் ஒரு சொட்டை ஏ.டி.ஆர் வைரத்தின் மேல், அதாவது கருவியில் மாதிரியை வைத்து அடியிலிருந்து ஒளி பாய்ச்சும் வைரத்தின் மேல், விடுங்கள். ஒளி சுமார் 1 முதல் 2 மைக்ரான் ஆழம்தான் இறங்கும். செல் வைரத்தோடு நன்றாக ஒட்ட வேண்டும். நீரும் 1640 அருகில் உறிஞ்சிப் புரதத்தை மறைக்கும். ஆகவே காய விட்டுத் திரையைப் பாருங்கள்: 3400ஐ ஒட்டிய அகலமான மேடு சரிந்து, இனி மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் வெறும் வைரத்தைப் பின்னணியாக அளந்து, 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் 64 முறை ஸ்கேன் செய்யுங்கள்.

பிறகு மென்பொருளில் வரைகோட்டின் அடிக்கோட்டைத் திருத்தி, 1650 சிகரத்தைக் கொண்டு அளவைச் சமப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த சிகரங்களைப் பிரித்துக் காட்டும் இரண்டாம் வகைக்கெழு எடுத்து, 900 முதல் 1800 வரையிலான பகுதியை மட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு (மாதிரிகளுக்கு இடையிலான பெரிய வேறுபாடுகளைச் சில எண்களாகச் சுருக்கிக் காட்டும் கணக்கு முறை) கொடுங்கள். இரண்டு செல் வகைகளும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் உடனே நம்பிவிடக் கூடாது. வேறொரு வாரம் வளர்த்த செல்களை, எது எதுவென்று தெரியாமல் இன்னொருவரைக் கொண்டு அளக்கச் சொல்லி மறுபடி ஒப்பிடுங்கள்.