வாந்தி இல்லாமல் ஏற்காடு ஏற

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் சின்னவள் மூன்று வயதில், ஒன்பதாவது வளைவில், காலை இட்லியை அப்படியே என் மடியில் கொட்டினாள். அன்றிலிருந்து இப்படித்தான் போகிறோம்.

கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. பால் வேண்டவே வேண்டாம். காரில் செல்போனைக் கொடுக்காதீர்கள், குனிந்து பார்த்தால் தலை சுற்றும். பதிலாக வளைவுக்கு வளைவு இருக்கும் எண் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். "அம்மா, பதினொண்ணு!" என்று இவள் கத்திக்கொண்டே வருவாள், பார்வையும் வெளியிலேயே இருக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். காது அடைத்தால் ஒரு வாய் தண்ணீர். மாற்று உடையும் கவரும் காலடியில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல (பட்ட பாடு!).

குரங்குக்குத் தீனி போட நிறுத்தவேண்டாம். மேலே போனதும் படகுக்கு ஓடாமல், ஏரிக்கரையில் கால் மணி நேரம் நடக்க விடுங்கள். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைகள் இரண்டில் ஒன்று போதும். அப்புறம், ஸ்வெட்டர். இறங்கும்போது தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள்.