நாண் கையில் அடிக்கிறதா? முழங்கையைத் திருப்பிப் பாருங்கள்

வில்வித்தை அறிமுக வகுப்புக்குப் போய்வந்தவர்களின் இடக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்கையின் உட்புறத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மறுநாள் அது ஊதா நிறத்தில் கன்றிப்போயிருக்கும். ஆர்ம் கார்டை, அதாவது முன்கையில் கட்டும் காப்புப் பட்டையை, இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமாளிப்பவர்கள்தான் அதிகம். ஆர்ம் கார்ட் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வலியை மட்டும்தான் தடுக்கும். நாண் கையில் உரசும்போது அம்பு போகவேண்டிய திசையும் கெடுகிறது. ஆகவே நாண் போகும் வழியிலிருந்து கையை விலக்குவதுதான் வேலை. அதில் முக்கால்வாசி முழங்கையில் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) இடக்கையில் பிடித்து, வலக்கையால் நாண் இழுப்பவர்களுக்கு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே அடிக்கிறது?

ஆர்ம் கார்டின்மேல் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவிக்கொண்டு நாலைந்து அம்பு விடுங்கள். குட்டிக்குராவே போதும். நாண் தொட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும். முழங்கைப் பக்கம் அழிந்திருந்தால் பெரும்பாலும் முழங்கையின் திருப்பம்தான் காரணம். மணிக்கட்டுப் பக்கம் என்றால் பிடியையும், நாணுக்கும் வில் பிடிக்கும் உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். மேல்கையிலோ மார்பிலோ பட்டால் தோளையும் நிற்கும் விதத்தையும் சந்தேகப்படுங்கள்.

படி 2: முழங்கை

இதற்கு வில் வேண்டாம், வீட்டுச் சுவர் போதும். சுவர் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இடக்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, விரல்கள் மேலே பார்க்க உள்ளங்கையைச் சுவரில் ஊன்றுங்கள். இப்போது முழங்கை மடிப்பைப் பாருங்கள். அந்த மடிப்புக் குழி கூரையைப் பார்த்தபடி இருந்தால், முழங்கையின் உள்பக்க மேடு நாண் வரும் வழியில் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

உள்ளங்கை சுவரில் அசையக் கூடாது. முழங்கையை மட்டும் திருப்புங்கள். உங்கள் மார்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, மடிப்புக் குழியும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மடிப்பு ரேகை செங்குத்தாக நிற்கும். முழங்கையின் கூரான எலும்பு முதுகுப் பக்கம் போயிருக்கும். முழுசாக வராவிட்டாலும் பரவாயில்லை, பாதி திரும்பினாலே நாணுக்கு நல்ல இடைவெளி கிடைத்துவிடும்.

முதலில் உள்ளங்கையும் சேர்ந்து திரும்பும், அல்லது தோள் காதுவரை ஏறிவிடும். தோளைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். எம்ஆர்டி ரயிலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட இதைப் பழகலாம், யாருக்கும் தெரியாது.

சிலருக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, கையை நீட்டினால் முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் வளையும். அவர்களுக்கு அடி விழும் வாய்ப்பு கூடுதல். முழங்கை அப்படிப் பூட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஒரு துளி முன்னாலேயே கையை நிறுத்திக்கொள்ளுங்கள். ரொம்ப மடக்கிவிடாதீர்கள், ஒவ்வொரு அம்புக்கும் ஒவ்வோர் அளவில் மடங்கும், குறி அலையும்.

இது கைவந்ததும் ஒரு ஸ்ட்ரெட்ச் பேண்டை வில்லாகப் பாவித்து இழுத்துப் பழகுங்கள். வீட்டிலோ புளோக்குக்குக் கீழேயோ உண்மையான வில்லை எடுக்காதீர்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவித்தால் வில்லே விரிசல் விடலாம். வில் பயிற்சிக் கூடத்துக்கு மட்டும்தான்.

படி 3: பிடி

வில்லைக் கம்பைப் பிடிப்பதுபோல முஷ்டியாகப் பிடித்தால் மணிக்கட்டு உள்ளே மடங்கி, முன்கை நாணின் பாதைக்கு வந்துவிடும். ‘நில்’ என்று ஒருவரைத் தடுப்பதுபோல உள்ளங்கையை முன்னே நீட்டுங்கள். பிறகு விரல் முட்டிகள் சுமார் 45 பாகை சாயும்வரை கையைச் சாய்த்து, அப்படியே வில்லின் பிடியில் பொருத்துங்கள். வில்லின் அழுத்தம் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் விழ வேண்டும். உள்ளங்கையின் ஆயுள் ரேகையைத் தாண்டக் கூடாது. மற்ற விரல்கள் தளர்வாக இருக்கட்டும்.

வில் விழுந்துவிடுமே என்ற பயத்தில்தான் எல்லோரும் இறுக்குகிறார்கள். வில் விழாமல் தாங்க விரலில் மாட்டும் ஸ்லிங் என்ற கயிறு ஒன்று வாங்குங்கள். பழைய ஷூ கயிற்றில் இரண்டு சுருக்குப் போட்டாலும் அதே வேலையைச் செய்யும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கை வேறு வியர்க்கும், ஒரு சிறு துண்டு பையில் இருக்கட்டும்.

படி 4: நிற்பது

பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, இடப் பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். உடம்பு இலக்கை நோக்கிக் கொஞ்சம் திறக்கும், நாணுக்கும் கைக்கும் இடைவெளி கூடும். பின்பக்கம் சாயாதீர்கள். நாண் இழுக்கும்போது தோள் ஏறினால் வில்லின் இழுவிசை உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம். தொடக்கத்தில் 16 முதல் 20 பவுண்டு இழுவிசையுள்ள வில் தாராளம். பக்கத்தில் இருப்பவர் 30 பவுண்டு இழுக்கிறார் என்று போட்டி போட வேண்டாம்.

படி 5: வில்லையும் பாருங்கள்

எல்லாப் பழியையும் கையின்மேல் போட முடியாது. நாணுக்கும் வில் பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள தூரத்தை பிரேஸ் ஹைட் என்பார்கள். 66 அங்குல ரிகர்வ் வில்லில் இது பொதுவாக 8 முதல் 8.5 அங்குலம் இருக்கும். சரியான அளவு வில்லின் கையேட்டில் உண்டு. இது குறைந்துபோனால் நாண் மணிக்கட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கும். நாணைக் கழற்றி, அது ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே சில முறுக்குகள் கூட்டினால் நாண் சற்றுக் குட்டையாகி பிரேஸ் ஹைட் கூடும். வாடகை வில் என்றால் நீங்கள் கைவைக்காதீர்கள், பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் உடை. குளிர்சாதன அறையில் போட்டுக்கொள்ளும் ஹூடியின் தொளதொளத்த கை, அலுவலகத்திலிருந்து நேரே வந்த முழுக்கைச் சட்டை, வளையல், கைக்கடிகாரம் எல்லாம் நாணில் சிக்கும்.

படி 6: மீண்டும் பவுடர்

5 மீட்டர் தூரத்திலிருந்து விடுங்கள். இலக்கில் எங்கே படுகிறது என்று பார்க்கவே வேண்டாம். முழங்கையைத் திருப்பு, தோளை இறக்கு, இழு, விடு. அம்பு போய்த் தைக்கும்வரை வில் கை அதே இடத்தில் நிற்கட்டும். பவுடர் அழியாமல் இருந்தால் தூரத்தைக் கூட்டலாம். இன்னும் அழிந்தால் இன்னும் இலகுவான வில்லைக் கேட்டு வாங்கி, சுவர்ப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

ஏற்கெனவே கன்றிப்போன கைக்குத் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வையுங்கள். வீட்டில் பாட்டி கோடரித் தைலத்தோடு வந்தாலும் புதுக் கன்றலை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். கை மரத்துப்போனாலோ வீக்கம் வற்றாவிட்டாலோ பலதுறை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். வலி போகும்வரை வில்லைத் தொட வேண்டாம். அடிக்குப் பயந்த கை அம்பு விடுபடும் முன்பே தானாக விலகிக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது முழங்கையைத் திருப்புவதைவிடச் சிரமம்.