டிஎன்ஏவில் விழும் நான்கு கால் முடிச்சைக் கயிற்றில் செய்து பார்ப்பது எப்படி?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை நார்க் கயிறு இல்லாத வீடு கிடையாது, அதனால் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்னும் இந்த நான்கு கால் முடிச்சைப் புரியவைக்க நான் கயிற்றைத்தான் எடுப்பேன்.

இரண்டு புரிக் கயிறு, இரண்டு முழம் போதும். நடுவில் முறுக்கைப் பிரித்து, ஒரு புரியில் மட்டும் நான்கு இடங்களில் மும்மூன்று சிவப்புப் பொட்டு வையுங்கள். பொட்டுதான் குவானின், அதாவது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி. இனி அந்தப் புரியை மடக்கி, நான்கு இடங்களும் கட்டில்கால் மாதிரி நிற்கும்படி பிடித்து, ஒரே மட்டத்திலுள்ள நான்கு பொட்டுகளையும் நூலால் சதுரமாகக் கட்டினால் மூன்று தட்டு வரும், தட்டுகளுக்கு இடையே ஒவ்வொரு பாசிமணி வையுங்கள், அது பொட்டாசியம் அயனி. மணியை விட்டுவிடாதீர்கள், அதுதான் தட்டுகளைத் தாங்கிப் பிடிக்கிறது.

சரி, இப்போது அந்தப் புரியை ஒரு சின்ன வளையத்துக்குள் இழுங்கள். சிக்கும். டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியும் இப்படித்தான் நின்றுபோகிறது. முடிச்சை அவிழ்க்க செல் வைத்திருக்கும் கைதான் ஹெலிகேஸ் நொதிகள். உங்கள் விரலால் ஒரு முனையிலிருந்து தட்டுத் தட்டாக அவிழ்த்துக் காட்டுங்கள். பிஎல்எம் என்ற ஹெலிகேஸ் பழுதானால் வளர்ச்சி குன்றிப் புற்றுநோய்க்கு எளிதில் ஆளாக்கும் ப்ளூம் நோய், டபிள்யூஆர்என் பழுதானால் இளமையிலேயே மூப்பு தட்டும் வெர்னர் நோய்.

எல்லா முடிச்சும் கெட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சில மரபணுக்களின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செல்லுக்கு இவை உதவுகின்றன.

கடைசியாக நீளமான கயிற்றில் பொட்டு வரிசையைத் தொடர்ந்து போடுங்கள். இப்படித்தான் சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறெழுத்து சிலருக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது, அதிலும் இந்த முடிச்சு விழலாம். தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய்க்கு அந்த ஆறெழுத்துப் பெருக்கம் ஒரு முக்கிய மரபுக் காரணம் என்று 2011-இல் தெரிந்தது.