பழைய டர்போ கார் புகை விட்டால் எங்கே தேடுவது?

இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டர்போ காரின் சைலன்சரிலிருந்து புகை வரத் தொடங்கினால், வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது என்றே பெரும்பாலானோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விலை கூடிய அந்தப் பாகத்தை மாற்றிய பிறகும் புகை நிற்காமல் போவதுண்டு. ஏனெனில் டர்போவை ஆயில் கசிய வைத்த காரணம் அடைபட்டுப்போன ஏதோ ஒரு சாதாரணக் குழாயில் இருந்திருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், புகையின் நிறம் என்ன, வாடை என்ன, எந்த நேரத்தில் வருகிறது என்ற மூன்றையும் நிதானமாகக் கவனிக்க வேண்டும். மூன்றில் நேரத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நிறம் வெளிச்சத்துக்கேற்ப ஏமாற்றிவிடும்.

சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய இடத்தில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியைச் சமதளத்தில் வைத்து முதலில் ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், ஏனெனில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்ட ஆயிலே புகைக்குப் போதுமான காரணமாகும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைச் சிறிது நேரம் பிடியுங்கள். நீராவி என்றால் தாள் காய்ந்ததும் தடம் இருக்காது. ஆயில் என்றால் பிசுபிசுப்பான பழுப்புக் கறை நிற்கும். கரி என்றால் விரலால் துடைக்கும்போது உலர்ந்த தூளாக வரும்.

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்தாக வந்து அடங்கிவிட்டாலோ, நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தாலோ, வால்வுத் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். சில நிமிடங்கள் ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போது பெரிய மேகமாக வந்தால் டர்போவும் சந்தேகத்துக்குள் வருகிறது, ஆனால் வால்வு சீலும் இதே போல நடந்துகொள்ளும். பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும். ஒன்றிரண்டு பிளக்குகள் மட்டும் ஆயிலில் நனைந்து கரி பிடித்திருந்தால் குறை அந்தச் சிலிண்டர்களில் உள்ளது. எல்லா பிளக்குகளும் உலர்ந்த இளம் பழுப்பு நிறத்தில் இருந்தும் நீலப் புகை வந்தால், ஆயில் இன்ஜினைக் கடந்த பிறகு, அதாவது டர்போவில் புகை வந்து சுழற்றும் டர்பைன் பக்கத்தில் சேருகிறது என்று பொருள்.

அப்போதும் டர்போவின் மீது உடனே பழியைப் போட வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின் மீது மிதக்கிறது. அந்த ஆயில் பெரும்பாலான கார்களில் புவியீர்ப்பால் மட்டுமே தடித்த குழாய் வழியாகக் கீழே இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிகிறது. தண்டின் இரு முனைகளிலும் உள்ள சீல்கள் மெல்லிய உலோக வளையங்களே. வெளியிலிருந்து வரும் வாயு அழுத்தத்தின் துணையோடு அவை ஆயிலைத் தடுக்கின்றனவே தவிர, தேங்கி நிற்கும் ஆயிலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வடிகுழாய் கரியால் குறுகினாலும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் அடைபட்டு இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலும், ஆயில் வடிய வழியின்றிச் சீல்களைத் தாண்டி வெளியேறும். அடைபட்ட ஏர் ஃபில்டரும், டர்போவில் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சலைக் கூட்டி அதே தீங்கைச் செய்யும். எனவே ஐடிலிங்கில் ஆயில் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள்: காற்று பலமாக வெளியே தள்ளினால், பிரீதர் குழாயையும் அதன் வால்வையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிறகும் தள்ளினால் ரிங்குகள் கசிகின்றன.

இவை சரியாக இருந்தால் மட்டும், இன்ஜின் நன்றாக ஆறிய பின் டர்போவின் காற்று நுழைவாய்க் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிய அசைவு இயல்பானது. ஆனால் இறக்கைகள் உறையில் உரசக் கூடாது, தண்டு முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரியவும் கூடாது. பிரீதரிலிருந்து வரும் ஆவியால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களுக்குள் ஓர் ஆயில் பூச்சு எப்போதும் இருக்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகும் அளவுக்கு இருந்தால்தான் கவலை. டீசல் காரில் அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. கசியும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு இன்ஜின் தானாக வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் அது நிற்காமல் போகலாம். கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அதை நிறுத்த முயல வேண்டும்.

ரிங்கா வால்வா என்று உறுதி செய்ய, பெட்ரோல் இன்ஜினுக்கு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எளிய வழி. சூடான இன்ஜினில் எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி அளக்க வேண்டும். குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது சிலிண்டர்களுக்கும் மேல் மூடிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சில நிமிடங்கள் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து, இனித்த வாடையோடு கூலன்ட் அளவும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட்டையோ, கூலன்டால் குளிர்விக்கப்படும் டர்போவின் நடுப்பகுதியில் விழுந்த விரிசலையோ தேட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. டீசலில் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசலாக இருக்கும். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் பாருங்கள்.

கரும்புகைக்குக் காரணம் எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்காததுதான். பழைய டர்போ கார்களில் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருப்பது மிகச் சாதாரணம்: சென்சார் அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிட, எரிபொருள் மட்டும் முழு அளவில் வந்து சேருகிறது. முடுக்கும்போது சீறும் ஒலியும் இழுவைக் குறைவும் சேர்ந்திருந்தால் ஹோஸின் மடிப்புகளையும் கிளிப்புகளையும் அடிப்பக்கம் வரை தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும். டீசலில் வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் அதுவும் இதே புகையைத் தரும்.

டர்போவை மாற்றத்தான் வேண்டும் என்றால், வடிகுழாயையும் ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போட்டு, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்த ஆயில் எரிந்து தீரும் வரை புகை சிறிது தொடரும். அது நாளுக்கு நாள் குறைந்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டு, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைக் குறித்துவையுங்கள்.