குளிர் அறை 2 டிகிரி, பெட்டிக்குள் எத்தனை? கார்னேஷன் வாடாமல் கண்காணிக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாலிஹவுஸில் வெட்டிய கார்னேஷன் சந்தையில் வாடி நின்றால், பழி முதலில் வண்டி மேல்தான் விழும். பல சமயம் பூ வண்டி ஏறும் முன்பே கெட்டிருக்கும். குளிர் அறைக் கதவில் உள்ள மீட்டர் 2 டிகிரி காட்டும். அட்டைப்பெட்டி நடுவில் உள்ள கட்டு 12 டிகிரியில் புழுங்கிக்கொண்டிருக்கும். அதனால் அளக்க வேண்டியது அறையை அல்ல, பூவை.

வயர் முனையில் புரோப் (வெப்பத்தை உணரும் முனை) உள்ள, ஈரப்பதமும் பதியும் ஒரு டேட்டா லாகர், அதாவது அளவுகளை அவ்வப்போது தானே பதிந்துவைக்கும் கருவி. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. கொஞ்சம் ஐஸ், கல் உப்பு, மூடியுள்ள ஒரு டப்பா, நோட்டு. தொடங்க இவ்வளவு போதும்.

படி 1: கருவியைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். புரோப்பை நடுவில் விடுங்கள்; அடியிலும் ஓரத்திலும் படக்கூடாது. கிளறிவிட்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.6 காட்டினால் நோட்டில் எழுதி, எல்லா அளவிலும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 1 டிகிரிக்கு மேல் தப்பினால் கருவியை மாற்றுங்கள். கார்னேஷனுக்கு ஏற்றது 0 முதல் 1 டிகிரி. அதற்குச் சற்றுக் கீழே போனாலே இதழ் உறைந்துவிடும் என்பதால் 1 டிகிரி தவறு சின்னத் தவறில்லை.

ஈரப்பதத்துக்கு: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். லாகரோடு டப்பாவில் வைத்து இறுக மூடி, சாதாரண அறையில் 8 மணி நேரம் விடுங்கள். 75% காட்ட வேண்டும். உப்பு முழுதும் கரைந்துவிட்டால் அளவு தப்பும்.

படி 2: புரோப்பைப் பூவுக்கு நடுவே வையுங்கள்

10 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமைத்தால் ஒரு நாளில் 144 அளவுகள் கிடைக்கும். நடுக் கட்டில், மொட்டுகளுக்குக் கீழே தண்டுகளுக்கு இடையில் புரோப்பைச் செருகுங்கள். பெட்டிச் சுவரில் ஒட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும்.

பெட்டியை உடனே ஏற்றிவிட வேண்டாம். புரோப் 2 டிகிரி தொடும் வரை குளிர் அறையில் இருக்கட்டும். பல மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்: பெட்டியின் இரு முனைத் துளைகளும் காகிதத்தால் அடைபட்டிருக்கும், அல்லது பெட்டிகளைச் சந்து விடாமல் அடுக்கியிருப்பார்கள். வெட்டிய பூவும் மூச்சு விடுகிறது, சூடு உண்டாக்குகிறது. காற்று உள்ளே போய் வந்தால்தான் அந்தச் சூடு வெளியேறும்.

ஏற்றும் முன் ஒரு கட்டை எடை போட்டு எழுதிவையுங்கள்.

படி 3: வழியில்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம். வெளிக்காற்று 9, 10 டிகிரி சூடாகிவிடும். குளிர்ந்த பெட்டியை அங்கே திறந்தால் இதழில் பனிபோல் நீர் கோத்துக்கொள்ளும், பின்னாலேயே சாம்பல் பூஞ்சை வரும். வழியில் திறக்க வேண்டாம். கூடலூர் வழியாக மைசூரு, பெங்களூரு போகும் வண்டி இரவு 9 மணிக்குள் பந்திப்பூர் செக்போஸ்ட்டைத் தாண்டாவிட்டால் காலை 6 வரை நிற்க நேரும். புறப்படும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். வண்டி நின்ற நேரம், இடம் இரண்டையும் ஓட்டுநரிடம் கேட்டு எழுதுங்கள். லாகர் பதிந்த வெப்ப வரைபடத்தில் மேடு ஏன் வந்தது என்று அதுதான் சொல்லும்.

படி 4: வரைபடத்தைப் படியுங்கள்

சராசரி ஏமாற்றும். 24 மணி நேரம் 2 டிகிரியிலும் 6 மணி நேரம் 22 டிகிரியிலும் இருந்த பெட்டிக்குச் சராசரி 6 டிகிரிதான், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் 10 டிகிரி ஏறினால் பூவின் சுவாசம் 2 முதல் 3 மடங்காகும். குறைத்து 2 மடங்கு என்றே வைப்போம்: 2 டிகிரியில் ஒரு மணி நேரம் = 1, 12 டிகிரியில் 2, 22 டிகிரியில் 4. வெயிலில் நின்ற அந்த 6 மணி நேரம் குளிர் அறையில் ஒரு முழு நாளுக்குச் சமம். ஒவ்வொரு லோடுக்கும் இந்தக் கூட்டுத்தொகையை எழுதிவந்தால், எத்தனைக்கு மேல் போனால் புகார் வருகிறது என்று உங்கள் நோட்டே காட்டும்.

ஈரப்பதம் 90 முதல் 95% வரை வேண்டும். இறக்கியதும் அதே கட்டை எடை போடுங்கள். 5% குறைந்திருந்தால் பெட்டிக் காகிதத்தையும் அறையின் ஈரத்தையும் பாருங்கள்.

படி 5: மாதிரிப் பூ

லோடுக்கு 5 தண்டு எடுத்து, அடியில் 2 செ.மீ. சாய்வாக வெட்டி, சுத்தமான தண்ணீரில் சுமார் 20 டிகிரி அறையில் வைத்துத் தினமும் பாருங்கள். கழுத்து தொய்ந்தால் நீர்ப் பிரச்சினை: தண்டு அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் அழுகியிருக்கும். இதழ்கள் உட்பக்கம் சுருண்டு பூ தூங்குவதுபோல் ஆனால், அது பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவின் வேலை. இதை மலிவான வாயு சென்சாரால் பிடிக்க முடியாது. பூவைப் பாதிக்கும் அளவு மிகச் சிறியது, அந்த சென்சார்களோ புகைக்கும் சாராய ஆவிக்கும் சேர்த்தே துள்ளும். எத்திலீன் பாதிப்பைத் தடுக்கும் சில்வர் தயோசல்பேட் கரைசலில் வைத்த பூவா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் எளிதில் சுருளாது. வைக்காத பூ சுருண்டு, வரைபடம் மட்டும் ஒழுங்காக இருந்தால், அதே அறையிலோ வண்டியிலோ பழுத்த பிளம்ஸோ வாழைப்பழமோ இருந்ததா என்று விசாரியுங்கள்.