லாக் கேபின் கிட் வாங்கப் போகிறீர்களா? மரம் சுருங்கும், அதற்கு இடம் விடுங்கள்

அமெரிக்காவில் ஏரிக்கரை ஓரம் கொஞ்சம் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, லாக் கேபின் கிட் (மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் வீட்டுக்கு, அளவாக அறுத்து எண் போட்டு வரும் கட்டைத் தொகுப்பு) விளம்பரத்தில் இருக்கும் விலையைப் பார்த்து "அட, இவ்வளவுதானா" என்று குதிப்பவர்கள், அந்த விலையில் என்னவெல்லாம் சேரவில்லை என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். அஸ்திவாரம், கிணறு, செப்டிக் டேங்க், வயரிங், பிளம்பிங், ஹீட்டர், ஆள் கூலி எதுவும் பொதுவாக அதில் வராது. சில கிட்டில் ஜன்னல், கதவு, கூரை வரை வரும், சிலதில் சுவர்க் கட்டைகளோடு சரி. குடிபோகும்போது மொத்தச் செலவு கிட் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம்.

அஸ்திவாரம் ஊருக்கு ஊர் மாறும். மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் மண் ஆழமாக உறைவதால் அடித்தளம் 60 அங்குலம் கீழே இறங்க வேண்டும், தென்பகுதியில் 42 போதும். நீளமான லாரி உங்கள் மண் பாதையில் வந்து திரும்ப முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். மரம் காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. சுவரில் கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்குகிறோம், அதனால் சுவரின் உயரம் குறையும். பச்சை மரமாக இருந்தால் 8 அடிச் சுவர் 6 அங்குலம் வரைகூட இறங்கலாம். சூளையில் ஈரப்பதம் 19 சதவீதத்துக்குக் கீழே உலர்த்திய கட்டை இவ்வளவு இறங்காது, விலை கூடினாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் நட்டுக்குத்தாக நிற்கும் தூண் இறங்காதே! சுவர் இறங்க, தூண் அப்படியே நிற்க, நடுவில் மாடித்தளம் மேடு தட்டும். அதற்காகத்தான் தூணுக்கு மேலோ கீழோ, திருகினால் உயரம் கூடிக் குறையும் திருகு ஜாக் வைப்பது. ஜன்னல், கதவு நிலைகளுக்கு மேலேயும் இதே காரணத்துக்காக இடைவெளி விட்டு, அதில் அமுங்கும் பஞ்சு வைத்து, மறைக்கும் பலகையை மேல்கட்டையில் மட்டும் அடிக்க வேண்டும், நிலையோடு சேர்த்து அடித்துவிட்டால் சுவரின் பாரம் நிலைமேல் உட்கார்ந்து கதவு திறக்காது. மாடிப்படியை மேலே மட்டும் பிணையுங்கள், அடி நகரட்டும். இந்த இடைவெளிகள் வரைபடத்தில் காட்டப்படவில்லை என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம்.

கட்டைகள் வந்திறங்கும் நாளில் ஃபோர்க்லிஃப்ட் ஏற்பாடாகியிருக்க வேண்டும், கையால் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். மண்ணில் படாமல் சட்டங்கள்மேல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, பக்கங்களில் காற்றாட விடுங்கள். சுவர் ஏறும்போதே மின்கம்பிக்கான துளைகளையும் போட்டுக்கொண்டு போக வேண்டும், ஆகவே எந்த மூலையில் பிளக் பாயிண்ட் என்பது முதல் கட்டை உட்காருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு கட்டைகளுக்கு இடையே இடுக்கை அடைக்கும் பட்டையான கேஸ்கெட்டை எங்கேயும் விட்டுவிடாதீர்கள், காற்று நுழைவது அங்கேதான். 6 அங்குலப் பைன் கட்டையின் ஆர் மதிப்பு (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறன்) சுமார் 8தான் என்பதால் கூரையின் இன்சுலேஷனில் கஞ்சத்தனம் கூடாது.

மரத்துக்கு எமன் தண்ணீர். கூரை இறவாரம் இரண்டடியாவது வெளியே நீளட்டும், அடிக்கட்டை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். கட்டைகளில் வெடிப்பு விழத்தான் செய்யும், பயப்பட வேண்டாம், மேல்நோக்கி வாய் பிளந்து மழைத்தண்ணீர் தேங்கும் வெடிப்புகளை மட்டும் சீலன்ட் வைத்து அடைத்தால் போதும். வெளிப்பூச்சு சில வருஷத்துக்கு ஒருமுறை வேண்டும், தெற்குப் பக்கம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

குடிபோன பிறகும் முதல் இரண்டு மூன்று வருஷம், சில மாதங்களுக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்து ஜாக்கைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். அதனால் ஜாக்கை மூடும் பலகைக்கு ஆணி அடிக்காதீர்கள், கழற்றுகிற மாதிரி ஸ்க்ரூ போடுங்கள்.